கொசுறாகக் கொடுத்த ஆண்டிவைரஸ்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆண்டிவைரஸைக் கொசுறாகத்தான் போட்டுக் கொடுத்தேன், காய்கறிக் கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை தருகிற மாதிரி. நெட்டில் சும்மா கிடைப்பதுதான். ஆனால் திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்து வேறெந்தக் கடையிலும் போட்டுத் தருவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தொல்லை என்னவென்றால், அதை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நாள் நெருங்கினால் திரை மூலையில் ஒரு பெட்டி வந்து வந்து நிற்கும். உடனே எனக்குப் போன். "சார், வைரஸ் வந்துடுச்சுங்க, மூலையிலயே நிக்குது." பௌர்ணமிக் கூட்டத்தில் நான் சிக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட விடமாட்டார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் முதல், போடும்போதே அந்தப் பெட்டி வராதபடி நிறுத்திவிட்டேன். போனும் நின்றது. பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கெடு முடிகிற நாளை எழுதிவைத்து நானே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்ற வந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். களையெடுக்கிற பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியதெல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது.

"பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? அதான் ஆண்டிவைரஸ் போட்டிருக்கேன்ல?"

அப்படிச் சொன்ன என் வாயில் இன்றைக்கும் சூடு வைக்கலாம் போலிருக்கிறது. அவளுக்கும் பெட்டியை நிறுத்தித்தான் கொடுத்திருந்தேன்.

ஒரு வருஷம் தாண்டி வந்தாள். ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஏதோ வைரஸ் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்டுத் திரையில் ஒரு கடிதம் வைத்திருந்தது. ஆண்டிவைரஸைப் பார்த்தேன். கெடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

மூன்று நாள் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்த முதல் இரண்டு இயல்கள் மட்டும் தாளில் இருந்தன. அடுத்த மாதம் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

முடியவில்லை என்று சொன்னதும் துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாண்ணா தெரியாம எதையோ அமுக்கிட்டேன் போலருக்குது. நீங்க போட்டுத்தானே குடுத்தீங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"இனிமே பார்த்து அமுக்கும்மா" என்றேன்.

"சரிண்ணா" என்றாள்.