வீட்டில் எத்தனை கட்டில் என்று கேட்டார்கள்

எழுபதுகளின் கடைசியில் சித்தூரில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை. கங்காதர நெல்லூர் போகிற ரோட்டில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். என்னோடு ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தாள். சிநேகிதி என்றுதான் எல்லோரிடமும் சொல்வோம். இப்போது பத்திரிகைகளில் தன்பாலின ஈர்ப்பு என்று எழுதுகிறார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. அவள் பள்ளியிலிருந்து வர அரை மணி தாமதமானால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான் தெரியும்.

கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்று ஆகி ஐந்தாறு வருடம் இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. சட்டம் வந்த புதிதில் ஒருநாள் ஆபரேஷன் தியேட்டரில், கலைத்தெடுத்ததைத் தட்டோடு கையில் வாங்கியவள் நான். அதன்பின் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மேட்ரனிடம் போய், எந்த வேலை வேண்டுமானாலும் கொடுங்கள், இது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் எங்கள் லேடி டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "நீக்கு ஏம் தெலுசு? கட்டிக்கல, பெத்துக்கல. வயித்துல சொமக்கறவ கஷ்டம் உனக்கு என்னா தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சபை பழைய மிஷன் காலத்துத் தமிழ்ச் சபை. அங்கே என் எண்ணத்துக்கு ஏக மரியாதை. மாதர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கருவில் இருக்கிற உயிருக்கு வாய் இல்லை, அதற்காக நாம்தான் பேச வேண்டும் என்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபையின் நிர்வாகத்தில் இருந்த மூப்பர் ஒருவர், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சிஸ்டர், கர்த்தர் உங்க வாயில ஒக்காந்து பேசினாரு" என்றார். ஊரில் பெரிய மனிதர். நான் பூரித்துப் போனேன். வீட்டுக்கு வந்து இவளிடம், என் டீச்சரிடம், மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதே மூப்பர் அரை டஜன் சாத்துக்குடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். அவருடைய மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். காரணமானவன் மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டான், கடிதத்துக்குப் பதில் இல்லை. திங்கட்கிழமை திருப்பதியில் ஒரு நர்சிங் ஹோமில் ஏற்பாடு செய்திருந்தார். மஞ்சள் காமாலை என்று ஹாஸ்டலில் சொல்லி, மகளைத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தாயோடு வைத்திருந்தார்.

"நீங்க கூட இருந்தீங்கன்னா எங்களுக்குத் தைரியமா இருக்கும் சிஸ்டர். ஆஸ்பத்திரி வெவகாரம் தெரிஞ்சவங்க. வெளிய சொல்லவும் மாட்டீங்க" என்றார்.

கூட்டத்தில் நான் பேசியதை நினைவுபடுத்தினேன். அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. அது பொதுவான பேச்சு, இது குடும்ப மானம் என்றார். முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள், இங்கே யார் கண்ணிலும் படமாட்டாள், பெற்றதும் குழந்தையை நாங்கள் இரண்டு பேரும் வளர்க்கிறோம் என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஓர் ஆசை எழும்பிவிட்டது. எங்களுக்கு வேறு எந்த வழியில் ஒரு குழந்தை வரும்?

மூப்பர் முகம் மாறியது. "நீங்க ரெண்டு பேரும் எப்பிடி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? சபையில பேசிக்கினுதான் இருக்காங்க. நான்தான் அடக்கி வெச்சிருக்கேன். உங்க கையில ஒரு புள்ளையா?"

இவள் அப்போதுதான் காப்பியோடு உள்ளிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அந்தக் கையாலதான் போட்டுக் கொணாந்தேன் ஐயா. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். அவர் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உடம்பு கொதித்தது. திருச்சானூரில் அந்த லாட்ஜ் முழுக்க மொட்டை போட்ட குடும்பங்கள், கைப்பிடிச் சுவரெல்லாம் ஈரத்துணி. எங்கள் சபைக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்துத்தான் மூப்பர் பிடித்திருக்கிறார். நல்லவேளை, அவர் அப்போது அங்கே இல்லை. அவருடைய மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கக் கீழே இறங்கிப் போனார்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. நான் உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டேன். உயிர், பாவம், அவள் அப்பாவின் வேஷம், எங்கள் வீடு, நாங்கள் வளர்க்கிற விதம் என்று கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

"முடிச்சிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். "நைனா கலைக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. நீங்க பெத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க. யாரு வளக்கறதுன்னும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என் வயித்துலதானே கீது? என்ன யாராச்சும் கேட்டீங்களா?"

எங்கள் லேடி டாக்டர் கேட்டபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. வெட்கமாக இருந்தது. உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டேன்.

"தெரியல. இங்கேருந்து போவணும். மொதல்ல எதுனா துன்னணும். மூணு நாளா ஒண்ணும் எறங்கல."

நான் அவளிடம் ஒன்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வாக்கியம் அதுதான். எங்கள் வீட்டுக்கு வா, யோசி, கலைப்பதுதான் உன் முடிவு என்றாலும் எங்கள் வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும், உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றேன். அவளுக்காக என் மனசாட்சியை விற்றுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

அவள் அம்மா எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. ஃப்ளாஸ்க்கோடு கதவருகே நின்றிருந்தார். "கூட்டிக்கினு போம்மா. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். புருஷனை எதிர்த்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அந்தப் பெண் நான்கு இட்லி சாப்பிட்டாள். இரண்டு மணி நேரப் பயணத்தில் என் தோளில் தலை வைத்துத் தூங்கினாள்.

எங்கள் வீட்டில் பத்து நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழுவாள், தூங்குவாள், கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போனால் இவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பதினோராம் நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பெத்துக்கறேன்" என்றாள். "நீங்க சொன்னீங்கன்றதுக்காக இல்ல. எனக்கே தோணிச்சு."

அந்த மாதமே எங்களைச் சபையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒழுக்கம் சம்பந்தமாக ஒரு புகார் வந்திருக்கிறதாம். போதகரும் ஐந்து ஆண்களும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அந்த மூப்பர். எத்தனை வருடமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள், வரன் வந்தபோது ஏன் தட்டிக்கழித்தீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அப்புறம் ஒருவர், என் முகத்தைப் பார்க்காமல், உங்கள் வீட்டில் எத்தனை கட்டில் என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டு என்றேன். ஒன்றில் உங்கள் மூப்பரின் மகள் நான்கு மாத வயிற்றோடு படுத்திருக்கிறாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. மூப்பரைப் பார்த்தேன். அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். என் யோக்கியதையை நம்பித்தான் அந்த ஆள் என்னை அயோக்கியை ஆக்கிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இனி ஆராதனையில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து கிடையாது என்று தீர்ப்பாயிற்று. இவள் வேலை பார்த்த பள்ளி சபையின் நிர்வாகத்தில் இருந்தது. அந்த வீட்டை விட்டு வெளியேறினால் வேலை இருக்கும் என்று இவளிடம் சொன்னார்கள். இவள் அங்கேயே ஒரு தாள் வாங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. தினமும் விடியற்காலை பஸ்ஸில் போய், விளக்கு வைத்தபின் திரும்பி வருவாள். பதினோரு வருடம் அப்படி ஓடினாள்.

குழந்தை எங்கள் வார்டிலேயே பிறந்தது. பெண். தலை இறங்காமல் சிக்கலானபோது, என்னைக் கேலி செய்த அதே லேடி டாக்டர்தான் ஆயுதம் போட்டு எடுத்தார். கேஸ் ஷீட்டில் அப்பா பெயரைக் கேட்டு வற்புறுத்தவில்லை. கையைக் கழுவும்போது, "நுவ்வு மஞ்சி பனி சேசாவு" என்றார். நல்ல காரியம் செய்தாய் என்று அர்த்தம். சபையில் ஒருவரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது.

ஏழு மாதம் அந்தக் குழந்தை எங்கள் வீட்டில் வளர்ந்தது. இவள் தன் பழைய வாயில் பருத்திப் புடவைகளைக் கிழித்துச் சட்டை தைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துவாள். நாங்கள் இரண்டு பேரும் வாய் விட்டுச் சொல்லவில்லையே தவிர, அது எங்களுடையது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டுவிட்டோம். அப்புறம் மெட்ராஸிலிருந்து அவன் வந்தான். பயந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுதான். அந்தப் பெண் யோசித்து, அவனோடு போவதென்று முடிவு செய்தாள். இந்தத் தடவை அவளைக் கேட்காமல் நான் எதுவும் பேசவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். இவள் தைத்த சட்டை ஒன்று மட்டும் கொடியில் மறந்து கிடந்தது. அதை யாரும் எடுக்காமலே நான்கு நாள் காய்ந்தது.

ஒரு வருடம் போயிற்று. மூப்பர் வீட்டில் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று கேள்விப்பட்டோம். முன்பே முறைப்படி கல்யாணம் நடந்து மெட்ராஸில் பிறந்த குழந்தை என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். எங்களுக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் குழந்தையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

ஞானஸ்நானம் முடிந்ததும் மூப்பர் பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்தார். "கருவுலயே கொலை பண்ணச் சட்டம் போட்ட காலம் இது. எங்க வீட்ல கர்த்தர் குடுத்த உயிர நாங்க வரமா வாங்கிக்கினோம்" என்றார். குரல் தழுதழுத்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர். தான் சொல்வதை அவரே நம்பிவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று யோசிக்கக்கூட இல்லை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லாட்ஜ், நர்சிங் ஹோம், திங்கட்கிழமை, கட்டில். அப்போது முன்வரிசையிலிருந்து அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் மூப்பர் அரை நாளில் சமாளித்துக்கொள்வார். நாசமாகப் போவது அவளும் அந்தக் குழந்தையும்தான். வாயை மூடிக்கொண்டேன். உட்காரவும் முடியவில்லை. அப்படியே நின்றேன். அதற்குள் போதகர் ஜெபிப்போம் என்று சொல்ல, கோயிலே எழுந்து நின்றது. அத்தனை பேருக்கு நடுவில் நான் நின்றது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பின் நாங்கள் அங்கே போகவில்லை. வீட்டில் இரண்டு பேரும் ஜெபித்துக்கொள்வோம். இவள் கண்ணை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. மன்னித்து விடு, கோபத்தை வைத்துக்கொண்டு சாகாதே என்று என் கூடப்பிறந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, மன்னித்ததாகப் பொய் சொல்லவும் இல்லை. கருவைக் கலைப்பதில் எனக்கு அன்றும் சம்மதமில்லை, இன்றும் இல்லை. ஆனால் உயிரைப் பற்றி யாராவது உரக்கப் பேசக் கேட்டால், அதைச் சுமக்கிறவளுக்கு நீ ஒருவேளைச் சோறு போட்டாயா, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டாயா என்றுதான் எனக்குச் சண்டைக்குப் போகத் தோன்றுகிறது. அந்தச் சண்டையில் முதல் அடி, லாட்ஜில் கால் மணி நேரம் பேசிக்கொண்டே போன எனக்குத்தான்.