அந்தோணியாருக்கு நேர்ந்த குச்சிகள்

“ஓடிப் போறவ பகல் பதினோரு மணிக்குப் போவாளாடி? ஊரே பாக்கறாப்பல, அப்பன் தலையில மூட்டைய ஏத்திவிட்டு, மூட்டைக்கு டிக்கெட் எதுக்குன்னு கண்டக்டருகிட்ட சண்ட போட்டுட்டுப் போவாளா? அன்னிக்கு நீயுந்தான கொடத்த வெச்சிக்கிட்டு நின்ன?”

குழாயடியில் நான் இப்படிக் கேட்டதும் குள்ளம்மாள் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம். அவள் அப்படி மூடுகிற ஆள் இல்லை.

“ஓடிப் போனான்னு நானா சொன்னன், பெரிம்மா? பெங்களூர்ல பசங்களோட சேந்து தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு டிரம்மு அடிக்கறா, செல்லுல வருதுன்னுதான் சொன்னன். பெரிய வெள்ளியன்னிக்கே கொட்டடிச்சு, பெத்த அப்பனைத் தொரத்துனவதான அவ.”

தலையை விரித்துப் போட்டால் அது அவள் தலை, அவள் முடி. அதை விட்டுவிடுவேன். அப்பனைத் துரத்தினாள் என்பதை மட்டும் விடமாட்டேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருவில் சுற்றுகிற பொய் அது. அதனால் என் பேத்தி அருள்ராணிக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது குள்ளம்மாளின் மகள் தேவிப்பிரியாதான். அவள் அம்மா பேசியதையும் விடாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாங்கள் தர்மபுரிப் பக்கம் நல்லம்பள்ளிக்கு உள்ளே, கோயிலைச் சுற்றி மூன்று தெருவாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். மழை பெய்தால் விவசாயம், இல்லாவிட்டால் பெங்களூர். என் மகன் ஜோசப் ராஜும் மருமகள் ஜோஸ்பினும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே கட்டட வேலைக்குப் போனார்கள். வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் கார் நிறுத்துகிற இடத்தில், காலேஜ் பசங்க நான்கு பேர் சாயங்காலம் ஆனால் கிட்டாரும் டிரம்முமாக இடி இடிப்பார்களாம். ராணிக்கு அப்போது ஆறு வயது. மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

“அந்தச் சத்தம் காதுல வராது ஆயா. வயித்துக்குள்ள வரும்” என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

ராணிக்கு எட்டு வயதாகும்போது அவள் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டே செங்கல் சுமந்தவள், படுத்த ஒன்பதாம் நாள் எழுந்திருக்கவில்லை. ஜோசப் ராஜ் அதன் பிறகு குடிக்கத் தொடங்கினான். முன்னே குடிக்காதவன் என்று பொய் சொல்லமாட்டேன். முன்னே சனிக்கிழமை மட்டும் குடிப்பான், பின்னே கிழமை பார்க்கவில்லை. பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் திரும்பிப் போனான். பிள்ளை கையில் ஒரு துணிப் பையும், நுனி உடைந்த ஒரு டிரம் குச்சியும் இருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்ததாம்.

பிள்ளை பேசவில்லை. கேட்டால் தலையாட்டும், அவ்வளவுதான். ஐந்தாறு மாதம் அப்படிப் போயிற்று. நான் அப்போதும் இப்போதும் புளி தட்டுகிறவள். வியாபாரி மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓடு உரித்த புளியைக் கல்லின் மேல் வைத்து, சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறிக்கும். நாள் முழுக்க அதே வேலைதான். ஒரு நாள் நான் தட்டுகிறேன், இரண்டு தட்டுக்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால், ராணி சோற்றுக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அந்த உடைந்த குச்சியால் தட்டுகிறாள். நான் வேகமாகத் தட்டினால் வேகமாக, மெதுவாகத் தட்டினால் மெதுவாக. வேண்டுமென்றே நான் ஒரு தட்டை விட்டேன். அந்த இடத்தில் அவள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான், “ஆயா, பசிக்குது” என்று வாயைத் திறந்து கேட்டாள். குண்டான் நசுங்கியதற்கு நான் திட்டவில்லை.

இனி அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை.

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசையோடு மணியைக் கட்டி வைத்துவிடுவார்கள். ஆண்டவர் உயிர்க்கிற வரைக்கும் மணியும் இல்லை, மேளமும் இல்லை. வழிபாட்டுக்கும் சிலுவைப்பாதைக்கும் ஜனங்களைக் கூப்பிட ஒரு மரக்கட்டை உண்டு. கைப்பிடி வைத்த பலகை. ஆட்டினால் அதில் கோத்திருக்கிற கட்டை ‘டொக், டொக்’ என்று அடிக்கும். துக்கச் சத்தம் அது. அதைத் தெருத்தெருவாக எடுத்துப் போக, கோயில் காரியங்களைக் கவனிக்கிற உபதேசியார் அருள்சாமி அந்த வருடம் ராணியைத் தேர்ந்தெடுத்தார். பத்து வயது. அதிகம் பேசாத பிள்ளை, அடக்கமாகத் தட்டும் என்று நம்பினார்.

முதல் தெருவில் அடக்கமாகத்தான் தட்டினாள். இரண்டாம் தெருவில் கட்டையோடு கட்டை பேச ஆரம்பித்தது. மூன்றாம் தெருவுக்கு வருவதற்குள் பின்னால் இருபது பிள்ளைகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருகிறார்கள். வாசலில் நின்ற பெண்களுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. என் காலும்தான் ஆடியது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜோசப் ராஜ் ஈஸ்டருக்கு வந்திருந்தான். காலையிலேயே குடித்திருந்தான். தெருவுக்கு ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கி வீசினான். “ஆண்டவரு செத்த நாள்ல கூத்தாடி! ஒங்கம்மா செத்தப்பவும் இப்படித்தான் ஆடுனயா?” என்று கேட்டு, பிள்ளையின் கன்னத்தில் ஒன்று வைத்தான். உதடு கிழிந்தது. அன்று மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு போனவன் பத்து வருடம் வரவில்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியாது.

ஊர் பார்த்தது இவ்வளவுதான். கொட்டடித்தாள், அப்பன் போனான். நடுவில் வீட்டுக்குள் நடந்ததை ஊர் பார்க்கவில்லை. பிள்ளை கொல்லையில் உதட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மகனுக்கு எதிரே நின்று, “புள்ளையக் கை நீட்டற குடிகாரனுக்கு இந்த வூட்ல சோறு கெடையாது. போ, செத்தாலும் இங்க வராத” என்றேன். துரத்தினது நான்தான். இதை இத்தனை வருடம் குழாயடியில் நான் சொன்னதில்லை. ராணியிடமும் சொன்னதில்லை. அவள் தன்னால்தான் அப்பன் போனான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்; அது தெரிந்தும் சும்மா இருந்தேன். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று சொல்வதைத் தள்ளிப் போட்டேன். தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

மூன்று வருடம் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் பக்கத்தில் கல்லுக்குகை மாதிரி கட்டியிருக்கிற அந்தோணியார் கெபிக்குப் போனேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொண்டேன்: என் மகன் உயிரோடு திரும்பி வந்தால் ராணி இனிமேல் கொட்டுக்குச்சியைத் தொடமாட்டாள், குச்சியை உம்முடைய காலடியில் வைத்துவிடுகிறேன் என்று. எனக்கு அப்போது அது சரியாகத்தான் பட்டது. போனதற்குக் காரணம் கொட்டு, வருவதற்கும் கொட்டுத்தானே விலை! என் வாயால் நான் சொன்ன சொல்லை எங்கேயும் கணக்கில் சேர்க்கவில்லை. நேர்த்தியை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தோணியார் ஏழு வருடம் பேசாமல் இருந்தார். அதற்குள் கொட்டடிப்பதில் ராணி எங்கேயோ போய்விட்டாள். கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்து நாற்காலியைத் தட்டினாள். தேர்த் திருவிழாவுக்குக் கச்சேரி வைக்க வந்த தர்மபுரி மாதவராஜ் அதைப் பார்த்துவிட்டு, டயர் கடைக்குப் பின்னால் இருந்த தன் கொட்டகைக்குக் கூப்பிட்டார். காலேஜ் விட்டதும் அங்கே போய்ப் பழகினாள். கல்யாணக் கச்சேரிகளில் அவளை உட்காரவைத்தார். ஒரு தடவை பெண்ணைப் பெற்றவர் மேடைக்கு ஏறி வந்து, “பாப்பா, கொஞ்சம் மெதுவா. மாப்பிள்ள வூட்டுக்காரங்க சாப்பிட முடியாம எந்திரிக்கறாங்க” என்று கும்பிட்டாராம்.

மாதவராஜ் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். “இந்தப் பொண்ணுக்கு என் மேடை பத்தாதுங்க அம்மா. பெங்களூர்ல நாலு பேரு சொந்தமாப் பாட்டுக் கட்டி ராக் பாண்டு நடத்தறாங்க, டிரம்மருக்கு ஆள் தேடறாங்க. இவ அடிச்சத அனுப்புனன். உடனே வான்னுட்டாங்க. அங்க ஒரு பொண்ணுதான் பாடறா, அவ கூடவே ரூமும் இருக்குது” என்றார். நானும் ஆகட்டும் என்றேன்.

அவர் போன மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜோசப் ராஜ் வாசலில் வந்து நின்றான். கொரோனா முடிந்து இரண்டு வருடம் இருக்கும். தலை பாதி நரைத்திருந்தது. கண் வெள்ளையாக இருந்தது, குடிக்காத கண். “அம்மா, உள்ள வரட்டுமா?” என்று கேட்டான். நான் சோறு போட்டேன். ராணி காலேஜிலிருந்து வந்தவள் அப்பனைப் பார்த்து அப்படியே நின்றாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலையில் அவளுடைய இரண்டு குச்சிகளையும் துணியில் சுற்றிக் கெபியில் வைத்துவிட்டு வந்தேன்.

“ஆயா, என் குச்சி எங்க?”

“அந்தோணியாருகிட்ட.” நேர்த்தியைச் சொன்னேன்.

“நேந்துக்கிட்டது நீ, அடிக்கறது நானு. அவரு என்னைக் கேட்டாரா?”

“ஒங்கப்பன் வந்துட்டான் இல்ல? சாமிகிட்டக் குடுத்த வாக்க நானு மாத்தமாட்டன்.”

தர்மபுரிக்குப் போய் வேறு குச்சி வாங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் போகவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. அடித்தால் அப்பன் மறுபடியும் போய்விடுவான் என்று அவளுக்கும் பயம். பெங்களூரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. எட்டு நாள் வீட்டில் என் கம்பிச் சத்தம் மட்டும்தான். நான் வேண்டுமென்றே ஒரு தட்டை விட்டுப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் விழவில்லை.

ஒன்பதாம் நாள் ஜோசப் ராஜ்தான் வாயைத் திறந்தான். “அவ ஏம்மா போவல?”

“நீ வந்தா அவ கொட்டடிக்கமாட்டான்னு அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டன். அவ அடிக்கப் போயி நீ கெளம்பிட்டா?”

“நானு திரும்பி வந்ததே அதப் பாத்துத்தாம்மா. சைட்ல கூட இருந்தவன் செல்லுல ஒரு கல்யாணக் கச்சேரியக் காட்டுனான். மொகம் அடையாளம் தெரியல. அடி தெரிஞ்சுது. அன்னிக்குத் தெருவுல கேட்ட அதே அடி.”

“அப்ப அத செல்லுல காட்டுனதே அந்தோணியாருதான்” என்றேன். நான் இலேசில் விடுகிறவள் இல்லை.

“அம்மா” என்றான் அவன், சத்தம் போடாமல். “நானு போனது கொட்டாலயா? போன்னு சொன்னது யாரு?”

ராணி வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கம்பியைக் கீழே வைத்தேன்.

“நாந்தான் சொன்னன். செத்தாலும் வராதன்னு சொன்னன்” என்றேன்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. “பத்து வருஷமா ஆயா?” என்று மட்டும் கேட்டாள். மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

அன்றைக்கே உபதேசியாரிடம் போனேன். அருள்சாமி கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விளக்குமாற்றைத் தட்டினார்.

“ரோசம்மா, பக்கத்து வூட்டுக் கோழிய நேந்து வுட்டா அந்தோணியாரு வாங்கிக்குவாரா?”

“வாங்கமாட்டாருங்க.”

“அப்ப குச்சியத் திருப்பி எடு. ஒன் கோழி எதுவோ அதக் கொண்டாந்து வையி.”

என் கோழி எது என்று கெபி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். நகை இல்லை. மாடு இல்லை. வாயில் வெற்றிலை இருந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து போடுகிறேன், பிள்ளைப்பேற்றுக்குக்கூட விட்டதில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்து, இடுப்பிலிருந்த வெற்றிலை பாக்குச் சுருக்குப்பையை அவிழ்த்து அந்தோணியார் காலடியில் வைத்தேன். குச்சிகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ராணியிடம் குச்சிகளைக் கொடுத்து, “போயிட்டு வா” என்றேன். சுருக்குப்பையை வைத்ததைச் சொல்லவில்லை. அவள் அன்றைக்கே பெங்களூருக்குப் போன் செய்தாள்.

பதினோரு நாள் கழித்துப் புறப்பட்டாள். மாதவராஜ் கொடுத்த பழைய டிரம் ஒன்றைப் புளிச் சாக்கில் போட்டுக் கட்டி, அவள் அப்பன் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். நான் அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். குனிந்தவள், சின்ன வயதில் செய்கிற மாதிரி, ஒரு துண்டுப் பாக்கு எடுக்க என் இடுப்பில் கையை விட்டாள்.

“பை எங்க ஆயா?”

“அந்தோணியாருகிட்ட.”

வெற்றிலைச் சிவப்பு இல்லாத என் வாயைப் பார்த்தாள். “ஒன்னால முடியாது.”

“பதினோரு நாளாச்சு.”

“தல வலிக்கல?”

“வலிக்குது. நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்.”

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்மேல் இருந்த கோபம் முழுக்கப் போனதா என்று எனக்குத் தெரியாது. போயிருக்கும் என்று நானாகச் சொல்லமாட்டேன். நான் உட்கார்ந்து கம்பியை எடுத்தேன், கையில் வேலை இருந்தது. ஒன்று தட்டினேன். அடுத்ததைத் தட்டும் முன், ஒரு காலில் செருப்போடு நிலையில் சாய்ந்து நின்றவள், விரல் முட்டியால் நிலைக்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பிறகு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். தெருவில் குடத்தோடு நின்ற குள்ளம்மாள், “எங்கடி பொறப்பட்ட?” என்று கேட்டாள்.

“டிரம்மு அடிக்கப் போறன் அத்தை” என்றாள் ராணி. மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.