மொட்டை விதைக்கு ஒரு கேள்வி

ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஹெப்சியையும் ஷர்மிளாவையும் சுந்தர்சிங் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாம்பரத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஆய்வு நிலையத்தில் பருத்தி ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பேராசிரியர் அவர்தான்.

"உக்காருங்கம்மா. ரெண்டு பேருக்கும் தலைப்பு குடுக்கணும். என்கிட்ட ரெண்டு ஜீன் குடும்பம் இருக்கு. ஒண்ணு மிப், இன்னொண்ணு வர்க்கி."

"வர்க்கின்னா டீக்குத் தொட்டுக்கலாம் சார்," என்றாள் ஷர்மிளா. வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சார் சிரித்துவிட்டார்.

"ஹெப்சி, என்ட்ரன்ஸ்ல நீதான் முதல். நீ முதல்ல சொல்லு. எது வேணும்?"

ஹெப்சிக்கு மிப் வேண்டும். எம்.எஸ்சி. படிக்கும்போதே அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வைத்திருந்தாள். ஆனால் மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் ஓகே சார்," என்றாள். கேட்டுப் பழக்கம் இல்லை. கேட்காமலே அவருக்குப் புரியும் என்று நினைத்தாள்.

"சத்தமா சொல்லும்மா."

"எதுன்னாலும் ஓகே சார்."

"ஷர்மிளா, நீ?"

"எனக்கு மிப் சார். அவங்களுக்குத்தான் எதுன்னாலும் ஓகேவாமே."

"அப்ப முடிஞ்சுது," என்று சார் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் ஷர்மிளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ்பா. நீ அதத்தான் கேப்பன்னு பயந்துகினே இருந்தேன்."

"பரவால்ல," என்றாள் ஹெப்சி.

அந்தப் பரவாயில்லை பல வருஷத்துக்கு அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பஞ்சு என்பது பருத்தி விதையின் முடி. பூ மலர்கிற நாளில் விதைத் தோலின் சில செல்கள் மெல்லத் தலைதூக்கி, நீண்டுகொண்டே போய் இழையாகின்றன. ஓர் இழை முழுவதும் ஒரே ஒரு செல். எந்தச் செல் எழவேண்டும், எவ்வளவு நீளவேண்டும் என்று மற்ற மரபணுக்களை வேலை ஏவுகிற மேஸ்திரி மரபணுக்கள் உண்டு. சாயலை வைத்து அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். பஞ்சைத் தொடங்கிவைக்கிற பெரிய மேஸ்திரிகள் மிப் குடும்பத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். வர்க்கி குடும்பத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பது அவ்வளவு தெளிவில்லை. அந்தத் தெளிவில்லாததுதான் ஹெப்சியின் பங்காக வந்தது.

ஹெப்சி செம்பாக்கத்துப் பெண். அப்பா ஏசுதாசன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவாள், இரண்டிலும் குறைவாகப் பேசுவாள். ஷர்மிளா பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடி. கடலோரக் குப்பத்திலிருந்து அங்கே மாற்றப்பட்ட குடும்பம். அம்மா அங்காளம்மா விடியற்காலையில் கோவளம் போய் மீன் எடுத்துவந்து மேடவாக்கத்தில் விற்பாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஷர்மிளாவுக்கு வியர்த்துவிடும். பேச உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும்.

ஒருமுறை என்சைம் பாட்டில்கள் ஐஸ் உருகிய பெட்டியில் வந்து சேர்ந்தன. மற்றவர்களாக இருந்தால் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஷர்மிளா கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணா, ஐஸ் இல்லாம வந்தா எங்கூட்ல வவ்வா மீனே வாங்க மாட்டோம். இத நான் எப்டி வாங்குறது? நாளிக்கு வேற பெட்டி வர்ல, நானே கெளம்பி வந்துருவேன்." மறுநாள் வேறு பெட்டி வந்தது. லேபில் எல்லோரும் சிரித்தார்கள். ஹெப்சியும் சிரித்தாள். அதற்கு முந்தைய மாதம் அதே போல உருகி வந்த பெட்டியை அவள் வாய் திறக்காமல் வாங்கி வைத்திருந்தாள். அந்த மாதத்து வேலை முழுக்க வீணானதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பருத்தி வளர்கிற வலைக்கூடத்தில் காலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்பார்கள். அன்று மலர்ந்த பூ வெண்மஞ்சளாக இருக்கும், நேற்று மலர்ந்தது இளஞ்சிவப்பாகியிருக்கும். வெண்மஞ்சளுக்கு மட்டும் காம்பில் நூல் கட்டவேண்டும். பிறகு காயைப் பறிக்கும்போது அதற்கு என்ன வயது என்று அந்த நூல்தான் சொல்லும். ஷர்மிளாவுக்குச் சிவப்பு நூல், ஹெப்சிக்கு நீலம். ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிக்குச் சர்ச் உண்டு. பூவுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. அன்றைக்கு அவள் செடிகளுக்கும் ஷர்மிளாவே நீல நூல் கட்டிவைப்பாள். திங்கட்கிழமை வந்து ஹெப்சி ஒவ்வொரு நூலாகப் பார்ப்பாள், ஒரு தவறாவது இருக்காதா என்று. இருந்ததே இல்லை.

மரபணுவின் சிறு துண்டொன்றை மடக்கிச் செடிக்குள் செலுத்தினால், செடி தன் சொந்த மரபணுவையே அடக்கிவிடும். மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலை நடக்கிறதா என்று பார்க்கிற வித்தை அது. ஹெப்சி தன் வர்க்கியை அடக்கினாள். காய் வெடித்தது. பஞ்சு வழக்கம்போல வெள்ளையாக, நீளமாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

ஷர்மிளா தன் மிப்பை அடக்கினாள். காயைப் பிளந்தபோது விதைகள் வழுவழுவென்று கறுப்பாக இருந்தன. ஒரு முடி இல்லை.

"திருப்போரூர்ல மொட்ட போட்டுக்கினு வந்த மாரி கீதே!" என்று அவள் கத்தியதில் பக்கத்து லேபிலிருந்தெல்லாம் ஓடிவந்தார்கள். குணா, அவர்களுக்கு இளைய மாணவன், விதையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தான். சுந்தர்சிங் சார் எப்போதும் யார் தோளையும் தட்டுகிறவர் அல்ல. அன்று தட்டினார். ஹெப்சி கூட்டத்தின் பின்னால் நின்று கைதட்டினாள். கை வலிக்கும்படி தட்டினாள், யாரும் கவனிக்கவில்லை.

அன்று வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அம்மா பியூலா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஹெப்சி கூடப் படிக்கிற ஷர்மிளாவோட உழைப்பை ஆசீர்வதிச்சதுக்காக ஸ்தோத்திரம், அந்தப் பிள்ளைய இன்னும் உயர்த்தும்," என்றாள். அப்பா ஆமென் என்றார். அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஹெப்சியும் சொல்லவேண்டியிருந்தது.

ஆய்வேட்டை எழுதத் தொடங்கியபோது ஷர்மிளா ஒவ்வோர் அத்தியாயமாகக் கொண்டுவந்து ஹெப்சியிடம் நீட்டினாள். "இங்கிலீஷப் பாத்துக் குடு ஹெப்சி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஹெப்சி பார்த்தாள். அவளைப் போல அதை வேறு யாரும் படித்திருக்க முடியாது. சார்கூட அத்தனை கவனமாகப் படிக்கவில்லை. அன்பால் படிக்கிறவர்கள் வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஹெப்சி ஒவ்வொரு வரியிலும் நின்று, தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று தேடினாள். முதல் மூன்று அத்தியாயங்களும் சிவப்பு மையில் குளித்துத் திரும்பின. "உயிர வாங்குறியே," என்று ஷர்மிளா தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திருத்தினாள்.

நான்காவது, மொட்டை விதை அத்தியாயம். அங்கே ஓட்டை கிடைத்தது. ஷர்மிளா செலுத்திய துண்டு, அந்த மரபணுவுக்கே உரிய வால் பகுதியோடு நிற்கவில்லை. குடும்பத்துக்கே பொதுவான முகப் பகுதியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அப்படியானால் அதோடு பிறந்த இன்னொரு மிப்பும் சேர்ந்து அடங்கியிருக்கலாம். விதையை மொட்டையடித்தது யார் என்று சொல்ல முடியாது.

ஹெப்சி வரிசைகளை மறுபடி ஒப்பிட்டாள். சந்தேகமே இல்லை. தனக்குள் சிரித்துக்கொண்டாள். சந்தோஷம்தான் அது, வேறு பெயர் வைத்துப் பயனில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தாள். நான்காவது அத்தியாயம் ஒரு சொட்டு மை படாமல் திரும்பிப் போனது.

"எப்டி இருக்கு?" என்று கேட்டாள் ஷர்மிளா.

"நல்லா இருக்கு."

வைவா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. அங்காளம்மா கனகாம்பரம் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் ஷர்மிளா பதில் சொன்னாள். நான்காவது அத்தியாயத்தை அவர் பாராட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். பிறகு, கூடியிருப்பவர்கள் கேட்கலாம் என்றார்கள். இது ஒரு சம்பிரதாயம். நண்பர்கள் முன்கூட்டியே பேசிவைத்த சுலபமான கேள்விகளைக் கேட்பார்கள், சமோசா வரும். விவசாயிக்கு என்ன பயன் என்று குணா கேட்டு உட்கார்ந்தான்.

அப்போது ஹெப்சி எழுந்தாள். விதை மொட்டையானதற்கு இந்த ஒரு மரபணுதான் காரணம் என்பது எப்படித் தெரியும், நீங்கள் எடுத்த துண்டு அதன் சகோதர மரபணுவிலும் இருக்கிறதே, அதுவும் அடங்கியதா என்று பார்த்தீர்களா என்று கேட்டாள். கடைசி வரிசை வரை கேட்டது. சுந்தர்சிங் சார் திரும்பிப் பார்த்தார். தேர்வாளர் மூடிய பக்கத்தை மறுபடி திறந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னா கேட்டுச்சி?" என்று அங்காளம்மா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது அந்த அமைதியில் எல்லோர் காதிலும் விழுந்தது.

பார்த்தேன், அதுவும் அடங்கியிருக்கிறது என்றாள் ஷர்மிளா. அதனால் இருவரில் யார் என்று தன்னால் சொல்ல முடியாது, இருவரும் இல்லாமல் பஞ்சு இல்லை என்று மட்டும் சொல்லலாம். தேர்வாளர் துருவித் துருவிக் கேட்டார். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிய பிறகே பட்டம் என்று முடிந்தது. சமோசா ஆறிப்போனது.

பொறாமையில் கேட்டாள் என்று லேபில் இன்றும் பேசுகிறார்கள். ஹெப்சி மறுத்துப் பேசியதில்லை. பொறாமை இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்று மேடையில் அந்தப் பதிலைச் சொன்னபோது ஷர்மிளாவின் குரல் நடுங்கவே இல்லை. அதைக் கேட்டும் ஹெப்சிக்கு வயிறு எரிந்தது.

வைவாவுக்கு முந்தைய வாரம், ஒரு சாயங்காலம், ஷர்மிளா செம்பாக்கம் வரை ஹெப்சியோடு கூடவே நடந்து வந்திருந்தாள். ஏரிக்கரையில் வண்டிச் சத்தம் குறைந்த இடத்தில் நின்றாள்.

"நாலாவது சாப்டருக்கு மட்டும் நீ ஒண்ணுமே சொல்லல. ஒரு கமா கூட திருத்தல. அப்பவே எனக்கு டவுட்டு வந்துருச்சி. ஃப்ரீசர்ல இருந்த சாம்பிள எடுத்து திரும்ப பாத்தேன். கூடப்பொறந்ததும் அடங்கிக் கீது."

ஹெப்சி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"சார்கிட்ட சொன்னேன். இப்ப போயி எழுதாத, பேஜாராயிடும்னுட்டாரு. நானா எழுத முடியாது. ஆனா யாராச்சும் எழுந்து கேட்டா சொல்லித்தான ஆவணும்? அத கேக்குறதுக்கு உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? பொறாமைல கேக்குதுன்னுதான் சொல்லுவானுங்க. சொல்லிட்டுப் போட்டும். நீ கேளு ஹெப்சி. அன்னிக்கு சார் ரூம்ல மேசையப் பாத்து முணுமுணுத்தியே, அந்த மாரி இல்ல. எங்கம்மா காதுல வுழுற மாரி, சத்தமா கேளு."