ரயிலில் ஹெல்மெட் கழற்றாதவர்

ஜெர்மனியில் எசன் நகருக்குப் போகும் ரயிலின் சைக்கிள் பெட்டியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, பத்து வயது மகள், மூன்று சைக்கிள்கள். தலையில் ஹெல்மெட், நாடியில் வாரை இறுக்கிக் கட்டியிருந்தார். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் எல்லாம் குடும்பமாகச் சைக்கிளில் சுற்றிவிட்டு வீடு திரும்புவதாகச் சொன்னார். நான் அவர்களுடைய சாமான்களை மனதுக்குள் பட்டியலிட்டேன்: ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், மூன்று ஊர் உறவினர்கள் கட்டிக்கொடுத்த பலகாரம். காற்றடிக்கும் பம்ப் மட்டும் இல்லை.

“ரயிலுக்குள்ளயும் எதுக்கு ஹெல்மெட், அண்ணா?”

“கழட்டினா, அமுங்கின தலைமயிர் எழும்பிப்போடும், தங்கச்சி. வீட்டு வாசல்ல சொந்தக்காரர் மாலையோட நிப்பினம். அவையளுக்கு முன்னாலதான் கழட்டவேணும்.”

“போன இடமெல்லாம் விருந்து. பிறகு எப்பிடிச் சைக்கிள் ஓடுறது? முழுக்க ரயில்தான்,” என்று மனைவி சிரித்தார்.

“எசனுக்கு முந்தின ஸ்டேஷன்ல இறங்கிச் சைக்கிள் ஓடுவம். வேர்வை மாதிரிச் சட்டையில தெளிக்கத் தண்ணிப் போத்தலும் இருக்கு,” என்றார் அவர்.

“நான் முதல்ல போய் எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்,” என்றாள் மகள்.

அவர் ஹெல்மெட் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

சொன்ன நிறுத்தத்தில் இறங்கினார்கள். மகள் சட்டென்று ஏறி மிதித்துப் போய்விட்டாள். ஏறப்போன அவர், பின் டயரில் துளிக் காற்றும் இல்லாததை அப்போதுதான் பார்த்தார். சைக்கிளைத் தள்ளியபடி மகளின் பின்னால் ஓடத் தொடங்கினார். ரயில் கிளம்பிவிட்டது.

யார் முதலில் வீடு சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீர் பாட்டில் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.