மரகதத்தின் நாலு பிரவுசர்கள்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மரகதத்தின் கம்ப்யூட்டரில் மட்டும் நாலு பிரவுசர்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் அவள் வாயில் நுழையாது. சக்கரம், அலை, நரி, சிவப்பு வட்டம் என்று படத்தை வைத்துத்தான் சொல்வாள். சக்கரத்தில் ஈமெயில், அலையில் மார்க் பட்டியல், நரியில் மாணவிகளின் அரசு உதவித்தொகை. சிவப்பு வட்டத்தில் ஒன்றும் கிடையாது. எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று விட்டுவைத்திருந்தாள். எதிர் மேஜையில் உட்கார்ந்து ஆறு வருடமாக இதைக் கிண்டல் செய்தவள் நான்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி முதலில் அவள் கணவர் பாலசுப்ரமணியனுடையது. அவர் மாரடைப்பில் திடீரென்று போனதும் நிர்வாகம் இரக்கப்பட்டு அவர் வேலையை மரகதத்துக்குக் கொடுத்தது. அதுவரை மர்பி டவுன் வீட்டில் தையல் மெஷினைத் தவிர வேறு மெஷினைத் தொட்டதில்லை அவள். கம்ப்யூட்டரில் தவறாக எதையாவது அழுத்திவிடுவோமோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது. அதனாலேயே அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

போன ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்புக்காக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இனி ஒரே பிரவுசர்தான் இருக்க வேண்டும், புதன்கிழமைக்குள் மற்றதையெல்லாம் நீக்கிவிட வேண்டும். கம்ப்யூட்டர் பார்க்கிற கன்னடப் பையன் ஹரிஷ் புதன் காலையே வந்துவிட்டான்.

"சும்னே எதுக்கு மேடம் நாலு? சக்கரம் ஒண்ணு போதும். இப்ப மேலாக்க கிளீன் பண்ணிட்டுப் போறேன், சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து மத்த மூணையும் எடுத்துடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். முகம் வெளுத்திருந்ததை நான் கவனித்தேன். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மரகதம் என் மேஜைக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஜெயா, நரியக் காணோம்."

"அதான் எடுக்கச் சொல்லியிருக்காங்களே?"

"அவன் கண்ணுல படக்கூடாதுன்னு காலையில நான்தான் ஸ்கிரீன்ல இருக்கற குப்பைத் தொட்டிக்குள்ள போட்டு வெச்சேன். குப்பையப் போய் யாரு கிளறுவாங்கன்னு நெனைச்சேன். அவன் அதக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

சிரிக்க வாயெடுத்த என்னை அவள் அடுத்த பேச்சு அடக்கிவிட்டது. உதவித்தொகை தளத்தின் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. பாலு சார் போட்டது. நரிதான் அதை ஞாபகம் வைத்திருந்தது. இவள் திறப்பாள், புள்ளி புள்ளியாகத் தானே வந்து நிற்கும், பட்டனை அழுத்துவாள். மறந்துவிட்டது என்று கொடுத்தால் ஓ.டி.பி. பாலு சாரின் நம்பருக்குப் போகும். அந்த நம்பரை ரத்து செய்து வருடக்கணக்காகிவிட்டது.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி, ஜெயா. அறுபத்து மூணு பொண்ணுங்க. நான் ஓகே பண்ணலன்னா ஒருத்திக்கும் வராது. பாதிப் பேரு படிப்பையே நிறுத்திடுவாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

அந்தப் பெண்களில் பலர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மரகதம் கெஞ்சக் கெஞ்ச நான் ஹரிஷுக்குப் போன் போட்டேன். அவன் வருகிற வரை அவள் உட்காரவில்லை. சுவரோரம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஹரிஷ் வந்து இரண்டு இடத்தில் தட்டினான். நரி திறந்துகொண்டது.

"அது வெறும் ஐகான் மேடம், அஷ்டே, அவ்ளோதான். உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கு."

மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்த பிறகு, பாஸ்வேர்டு தெரியாத விஷயத்தை அவனிடம் தானே சொன்னாள். தலை நிமிரவே இல்லை. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"இவ்ளோதானா? இங்கயே பாக்கலாம் மேடம்."

சேமித்த பாஸ்வேர்டுகள் இருந்த பக்கத்துக்குப் போய், ஓரத்திலிருந்த கண் படத்தை அழுத்தினான். புள்ளிகள் எழுத்துகளாக மாறின. ஆங்கிலத்தில் 'மரகதம்' என்று இருந்தது. அதை ஒட்டி, அவர்களுக்குக் கல்யாணமான வருடம்.

மரகதம் எழுந்து வந்து திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள்.

"இருபத்து மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அவரு என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஜெயா. எப்பவும் 'இந்தா'தான்" என்றாள்.

அறுபத்து மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பி முடித்தபோது மணி நாலே முக்கால். ஹரிஷ் கூடவே இருந்தான்.

"மேடம், இந்தப் பாஸ்வேர்ட நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். இப்பவே மாத்திடுங்க. மாத்திட்டா நரியையும் எடுத்துடலாம்."

"மாத்தினா இந்தப் பழசு எங்கயாவது இருக்குமா, தம்பி?"

"இருக்காது மேடம். போயிடும்."

காலையில் பார்த்த அதே பயம் அவள் முகத்தில் மறுபடியும் வந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.