நடுக்குழாயில் அண்ணன் அடித்த காற்று

அண்ணே, உன் பட்டத்தைப் பிரித்துவிட்டோம் அண்ணே. கோபித்துக்கொள்ளாதே. அம்மாதான் கேட்டார்.

என் அண்ணன் ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை செய்தான். போன வருஷம் டெங்கிக் காய்ச்சலில் இறந்துவிட்டான். கூடப்பிறந்தவன் என்று எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டு டோபி கடையில் துணி மடிக்கிறவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவனுக்குக் கடலில் பட்டம் விடுகிற பைத்தியம். காலில் பலகையை மாட்டி, பட்டத்தை இடுப்போடு கட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் தண்ணீர் மேல் வழுக்கிப் போவார்களே, அது. லுமுட் கடற்கரைப் பக்கம் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, பழைய பட்டம் ஒன்றை வாங்கினான். இது தாள் பட்டமில்லை. முன் விளிம்பு முழுக்க ஒரு தடித்த குழாய். அதிலிருந்து விலா எலும்பு மாதிரி சில சின்னக் குழாய்கள். காற்றடித்தால்தான் அதற்கு உடம்பே வரும்.

வாங்கிய அன்றே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், லோரி டயருக்குக் காற்றடிக்கிற மெஷினை மாட்டிவிட்டான். டயர்க்காரன் வேறென்ன செய்வான்? டமாரென்று சத்தம். உள்ளே இருந்த காற்றுப் பை கிழிந்துவிட்டது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் டீயை இழுத்து ஆற்றித் தே தாரே போட்டுக்கொண்டிருந்த அவன் கூட்டாளி ஓடி வந்தார். எங்களுக்கு அவர் பாய். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இதைப் பழக ஆரம்பித்திருந்தார்கள்.

"என்னா மச்சான், பட்டம் விடச் சொன்னா வெடி விடுற? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குலா!"

அந்தக் கதையைப் பாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். ஒட்டுப் போட்டுச் சரிசெய்தான். அதற்குப் பிறகு கைப்பம்பு மட்டும்தான்.

அவன் போன பிறகு பட்டப் பை கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒருநாள் கூட்டும்போது கை பட்டது. சுருட்டிய துணிக்குள் ஏதோ விறைப்பாக இருந்தது. பாயிடம் கேட்டேன்.

"அது நடுக்குழா தங்கச்சி. சுருட்டும்போது பெரிய குழா காத்த மட்டும் எறக்குவோம். சின்னக் குழாய்க்குப் போற வழியில கிளிப்ப மாட்டிட்டா காத்து உள்ளயே நின்னுரும். கடைசியா கடலுக்குப் போனப்ப அவன் அடிச்சது."

அவன் அடித்தது. எனக்கு அது போதும். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் பையை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நாளாக ஆகக் குழாய் இளகிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷப் படையல் வந்தது. போனவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். மாமாவுக்கு பியர் போத்தல்கூட வைத்திருக்கிறோம். அம்மா சட்டை எடுத்து வைத்தார், அவனுக்குப் பிடித்த மீகோரெங் நூடுல்ஸைப் பாய் கடையில் சொல்லிவைத்தார். அப்புறம், "அவன் பட்டத்தையும் வைக்கணும்" என்றார்.

"பைய வச்சிரலாம்மா."

"பையவா அவன் ஆசப்பட்டான்? பட்டமா வைக்கணும். நான் ஒரு தடவகூட அத விரிச்சுப் பாத்ததில்ல."

அடுக்குமாடி வீட்டு ஹாலில் அது எங்கே விரியும்? அதனால் கோப்பெங் பக்கம் அம்மா பால் வெட்டிய பழைய தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரமெல்லாம் போய் வீடுகள் வந்துவிட்டன. கோயிலும் அதன் முன்னால் பந்து விளையாடுகிற திடலும் மட்டும் மிச்சம். பாய் மீகோரெங்கோடு மோட்டாரில் வந்து சேர்ந்தார்.

திடலில் லேசாகக் காற்று இருந்தது. "மொதல்ல பம்பு கயித்த பட்டத்துல மாட்டு. இல்லாட்டி ஊதுறப்பவே தூக்கிட்டுப் போயிரும்" என்றார் பாய். மாட்டினேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு அடித்தேன். பெரிய குழாய் சுருக்கமெல்லாம் போய் மெல்ல வளைந்து எழுந்தது.

"அடேயப்பா, இவ்ளோ பெருசா!" அம்மா வாயில் கைவைத்தார்.

"இப்பக் கிளிப்பத் தொற" என்றார் பாய்.

நான் திறக்கவில்லை.

"தொறந்தாத்தானே சின்னக் குழாய்க்குக் காத்துப் போகும். நடுவுல பாரு, இடுப்பு ஒடிஞ்ச மாதிரி தொங்குது."

"தொங்கட்டும் பாய். பறக்கவா விடப் போறோம்?"

"என்னா தங்கச்சி இது? அவன் இருந்தா இப்படிப் பாதியில விடுவானா?"

அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "அதுக்குள்ள அண்ணன் அடிச்ச காத்து இருக்கு. தொறந்தா போயிரும். எங்கிட்ட வேற என்னா இருக்கு?"

பாய்க்கும் கண் கலங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தங்கச்சி, இங்க பாரு. பெரிய குழா இப்பக் கல்லாட்டம் இருக்கு. நடுக்குழாதான் கொறச்சலா இருக்கு. நெறஞ்ச எடத்துலருந்து கொறஞ்ச எடத்துக்குத்தான் காத்துப் போகும். அவன் காத்து வெளிய வராது. நம்ம காத்துதான் உள்ள போகும்."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியம்லா."

அம்மா என் தலையைத் தொட்டு, "அவன் உள்ள தனியா கெடக்கான். போய்ச் சேந்துக்கம்மா" என்றார்.

விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசுகிறவர் இல்லை அம்மா. நான் எழுந்து இன்னும் கொஞ்சம் அடித்தேன். பெரிய குழாய் விரலால் அமுக்க முடியாத அளவு இறுகியது. பிறகு நானே கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன், நடுக்குழாயுடையதைக் கடைசியாக. உஸ்ஸென்று சத்தம் உள்ளே போனது. நடுக்குழாய் நிமிர்ந்தது. பட்டம் முழுசாக, வளைந்து, கூரை மாதிரி நின்றது. டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அண்ணன் எப்போதும் விரலால் சுண்டிப் பார்ப்பான். நானும் நடுக்குழாயைச் சுண்டினேன். டொங்.

"ஆங், அதான் சத்தம்!" என்றார் பாய்.

காற்று தூக்காமல் இருக்க பாய் கொண்டுவந்திருந்த மணல் மூட்டையை மேலே வைத்தோம். பட்டத்தின் நிழலில் அம்மா இலை போட்டு, சட்டையை மடித்து வைத்து, மீகோரெங்கைக் கொட்டினார். சூடத்தை எடுத்ததும் பாய் பதறினார். "அம்மா, அம்மா! சூடத்த அந்தாண்ட கொளுத்துங்க, நைலான்லா!"

அம்மா சிரித்தார். அவன் போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கிளம்பும்போது முதலில் கிளிப்புகளை மாட்டினேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய குழாயின் காற்றை இறக்கினேன். சுருட்டிப் பையில் போட்டு மேலே கையை வைத்தபோது நடுக்குழாய் நன்றாக விறைத்திருந்தது. எது அவன் காற்று, எது என் காற்று என்று இனிமேல் பிரிக்க முடியாது.

இதைப் படிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, பள்ளிவாசலுக்குப் போகிறவரோ, தேவாலயத்துக்குப் போகிறவரோ, யாராக இருந்தாலும், அடுத்த தடவை கும்பிடும்போது என் அண்ணனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் இருக்கிற இடத்தில் நல்ல காற்று வீச வேண்டும் என்று கேளுங்கள்.