மிச்சம் வைத்த அரை கிளாஸ்

டீயின் கடைசி மடக்கைச் சித்தப்பா குடிக்க மாட்டார். கிளாஸை ஒரு சாண் தள்ளி வைப்பார். வலது கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி, போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். நினைப்பு முழுக்கக் கிளாஸின் மேல்தான். கொஞ்ச நேரத்தில் கை தானாக உருவிக்கொண்டு வெளியே வரும். ஆறிப்போனதை ஒரே இழுப்பில் உள்ளே தள்ளிவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்பார்.

மிச்சம் வைக்கத்தான் அவர் பழகிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்து என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் குடிப்பார். ஒரு கிளாஸ் பிராந்தி, அதிலும் பாதி. முன்பெல்லாம் அலுவலக நண்பர்களோடு வெளியே குடித்ததாகவும், வயதாகிவிட்டதால் வீட்டோடு நிறுத்திக்கொண்டதாகவும் சொல்வார். மீதி பாதி மேசையில் நிற்க, அவர் பாட்டுக்கு எழுந்து கைகழுவப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரனின் புதுக் காரைப் பார்ப்பதுபோல் சித்தப்பா அந்த முதுகைப் பார்ப்பார்.

"உங்கப்பா சம்பளத்துல எனக்குப் பொறாமை இல்லடா. படிப்புல இல்ல. எந்திரிச்சுப் போறாரு பாரு, அதுலதான். வயிறு எரியுது."

குடியை விடுவதற்கான சிகிச்சை முடிந்து சித்தப்பா எங்கள் மாடியறைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இன்னொரு தடவை தொட்டால் ஈரல் தாங்காது என்று சொல்லித்தான் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். "அந்தப் பாட்டிலை வீட்ல வைக்கணுமாங்க?" என்று அம்மா கேட்டாள். "கண்ணு முன்னாடி இருந்தாத்தான் கட்டுப்பாடு வரும்" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார். எனக்கு அதே கல்லூரியின் நூலகத்தில் வேலை. மத்தியானச் சாப்பாடு அவரோடுதான். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் ஒரு தகட்டைக் காட்டினார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, மழையில் நனைந்த வரைபடம்போல் இருந்தது.

"இவன் குடிச்சவனா, குடிக்காதவனா? சொல்லு."

"தெரியல சித்தப்பா."

"எனக்கும்தான் தெரியல. வருஷக்கணக்காக் குடிச்சா சில இடம் சுருங்கும், அது தெரியும். ஆனா ஒருத்தனுக்கு மட்டும் ஏன் 'போதும்'னு தோணவே மாட்டேங்குதுன்னு இதுல தெரியாது."

அந்த விஷயத்தைத் துறைத்தலைவர் வகுப்பில் அழகாகச் சொல்வார். மூளைக்குள் ஆழத்தில் சுகத்துக்காகக் காத்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. தொடர்ந்து குடித்தால் அது குடிக்கு மட்டுமே துள்ளப் பழகிவிடும். நெற்றிக்குப் பின்னால் கடிவாளம் பிடிக்கும் பகுதி தளர்ந்துபோகும். ஆகவே இது ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்பார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். சித்தப்பா சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே ஸ்பிரிட் அலமாரியின் சாவியை வாங்கி, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தவரும் அவர்தான்.

"சாவிக்காரம்மா, கொஞ்சம் திறந்து விடுங்க. குடிக்க இல்ல, வேலைக்கு."

"அண்ணே, சும்மா இருங்கண்ணே" என்று அவள் நெளிவாள்.

மெழுகில் பதிப்பதற்கு முன் மூளைத்துண்டிலிருந்து ஈரம் முழுவதும் போயாக வேண்டும். அதற்காக ஸ்பிரிட் ஜாடிகளில் வரிசையாக முக்கி எடுப்பார்கள். முதல் ஜாடியில் தண்ணீர் அதிகம். கடைசி ஜாடியில் துளித் தண்ணீர் இருக்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை, சீவ உட்கார்ந்தபோது துண்டுகள் எல்லாமே பொடிப்பொடியாக உதிர்ந்தன. கடைசி ஜாடியைச் சோதித்தார்கள். தண்ணீர் கலந்திருந்தது.

யாரோ ஸ்பிரிட்டை எடுத்துவிட்டு, அளவு குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவி அவளிடம் இருந்தது. பார்வையெல்லாம் சித்தப்பாவிடம் இருந்தது. நான் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். துறைத்தலைவர் கிட்டே வந்தார்.

"கொஞ்சம் ஊதுங்க."

சித்தப்பா ஊதினார். பிறகு கேட்டார்: "வகுப்புல நோய்னுதானே சார் சொல்லிக் குடுக்கறீங்க? நோயாளியை இப்படித்தான் மோந்து பாப்பாங்களா?"

"திங்கக்கிழமை பேசிக்கலாம். அதுவரைக்கும் வீட்ல இருங்க."

மறுநாள் ஞாயிறு. வீட்டில் அவரைக் கடந்து போனவர்கள் எல்லோரும் மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டே போனோம். என்னை அந்த வீட்டில் யாரும் அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை என்பதில் எனக்கும் லேசான எரிச்சல் இருந்தது.

மத்தியானம் அப்பா பாதி குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மனசு வெச்சா முடியும்டா. என்னைப் பாரு. விட்டுட்டு எந்திரிக்கிறேன்ல?"

"உன்னை அது கூப்பிடாது அண்ணா."

"எது?"

"அந்தக் கிளாஸ். உனக்குக் காது கேக்காது, எனக்கு நல்லாக் கேக்கும். யாரு திரும்பிப் பாக்காம இருக்காங்கன்னு ரெண்டு பேருக்கும் போட்டி வெச்சு, உனக்குக் கப்பு குடுத்தா எப்படி?"

அம்மா சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். அப்பா கைகழுவப் போனார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் அரை கிளாஸ். சித்தப்பாவின் கை அக்குளுக்குள் போனது. சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, டீக்கு வருவதுபோலவே, கை வெளியே வந்தது.

கிளாஸைத் தூக்கினார். கண்ணாடித் தகட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"டேய், வாங்கிக்கோ. என் கையை நம்பாத. சிங்க்ல ஊத்திட்டுக் குழாயை நல்லாத் திறந்து விடு. வாசனை நிக்கக் கூடாது."

ஊற்றிக் கழுவி, காலிக் கிளாஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். கிளாஸைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"குடிச்சிட்டியா?"

சித்தப்பா எழுந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார். "ஊதட்டுமா?"

அப்பா உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் தானாகவே போய்ச் சொல்லிவிட்டாள். கேன் மாறிவிட்டது, முதல் ஜாடிக்கான ஸ்பிரிட்டைக் கடைசி ஜாடியில் ஊற்றியது அவள்தான். துறைத்தலைவர் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

"அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும் சார்" என்றார் சித்தப்பா. "நீங்க சந்தேகப்பட்டதுக்காக இல்ல. எனக்கே அதுதான் நல்லது."

அடுத்த ஞாயிறு மேசையில் கிளாஸ் இல்லை. சித்தப்பா மட்டும் டீயைத் தள்ளி வைப்பதும் எடுத்துக் குடிப்பதுமாகத்தான் இருந்தார்.

ரொம்ப நாள் கழித்து, அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். அலுவலக நண்பர்களோடு குடித்ததெல்லாம் கதை. தம்பி மாடியறைக்கு வரும்வரை அப்பா குடியை வாயில் வைத்ததே இல்லை. எப்படி நிறுத்துவது என்று தம்பிக்குக் காட்டத்தான் அந்தப் பாட்டிலை வாங்கினாராம். வாடையே பிடிக்காது, பாதிக்கு மேல் குமட்டிக்கொண்டு வரும். அதனால்தான் கைகழுவ அவ்வளவு வேகமாக எழுந்து போவாராம்.